மூன்றாவது துடுப்பு

காலை 11.05.

காலமான அப்பாவின் மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. உள்ளே நீல வெல்வெட் பெட்டி இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய பாக்கெட் கடிகாரத்தைக் காணோம். அப்பா தனக்கு எழுதி வைத்த அதை வாங்கிப் போவதற்கென்றே பன்னிரண்டு வருடம் கழித்துக் கப்பலை விட்டு இறங்கி வந்திருந்த தம்பி, வெறும் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் விறுவிறுவென்று வாசலுக்குப் போய், கேட்டைத் திறந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"பிடிங்க அவளை. டிரையர் ரிப்பேருக்கு வந்தவ, எங்கப்பா கடிகாரத்தத் திருடிட்டுப் போறா."

அவள் எங்கேயும் போகவில்லை. தெரு ஓரத்தில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டம்மா ஈரக்கையோடு வெளியே வந்து நின்றாள். போன மாதம்தான் அந்த அம்மாவின் வாஷிங் மெஷினை இவள் சரிசெய்து கொடுத்திருந்தாள்.

தொழில் வட்டாரத்தில் இவளுக்குக் காதுக்காரி என்று பெயர். மெஷினைத் திறக்கும் முன்பே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவாள். பெல்ட் தேய்ந்தால் ஒரு கீச்சு, உருளை தேய்ந்தால் ஒரு உறுமல், பேரிங் போனால் ஒரு முனகல். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து பிழைக்கிறவள். திருடி என்ற ஒரு சொல் போதும், ஒரு வீடும் கதவைத் திறக்காது.

அந்தச் சொல்லை அவள் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, கம்பெனி ஆளாக ஒரு வீட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு கைவளையல் காணாமல் போனது. அன்று சாயங்காலமே கம்பெனி அவள் சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டது. நாலாம் நாள் வளையல் அந்த வீட்டுக் கட்டிலுக்குப் பின்னாலிருந்தே கிடைத்தது. மன்னிப்பு என்று ஒரு வாய் கேட்கவில்லை. அந்த நெருப்பை அவள் வயிற்றில் கட்டிக்கொண்டே ஒன்பது வருடம் ஓட்டியிருந்தாள். இப்போது அது மளமளவென்று பற்றிக்கொண்டது.

ஸ்பேனரைக் கீழே வைத்தாள். வேன் கதவைச் சாத்திப் பூட்டினாள். நேராக அவரிடம் நடந்து வந்தாள்.

"போலீஸக் கூப்பிடுங்க சார். நான் இங்கயே நிக்கறேன்."

11.35. வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சத்தம் போடாமல் கேள்வி கேட்கிறவர். வேனை ஒரு மூலை விடாமல் புரட்டினார்கள், கருவிப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், ஒரு பெண் காவலர் அவளைத் தனியறையில் சோதித்தார். கடிகாரம் இல்லை. யாராவது கூட்டாளி வந்து வாங்கிப் போயிருப்பான் என்றார் அண்ணன். ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர். கடைக்கு விடுமுறை விட்டிருந்த அந்த நாளிலும் கடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நெற்றி வியர்வையைத் துடைத்தபடி இருந்தார். கையோடு இன்னொன்றும் சொன்னார்.

"இவளுக்கு இது புதுசு இல்ல மேடம். முன்னாடி ஒரு வீட்டுல வளையலத் திருடி வேலை போனவ. விசாரிச்சுப் பாருங்க."

காதுக்காரி மெல்லத் தலையைத் திருப்பி, அப்போதுதான் நூலகத்து வேலையிலிருந்து ஓடிவந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தாள். அந்தக் கதையை அவள் இந்த ஊரில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். எட்டு மாதம் முன்பு, இதே மெஷினுக்கு வந்தபோது, காபி கொடுத்து அன்பாகப் பேசிய இந்த அம்மாவிடம். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"உங்கள யார் கூப்பிட்டது?"

"சார்தான். நேத்து போன் பண்ணாரு. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து டக்கு டக்குன்னு சத்தம்னாரு. என் வீட்டுக்காரரும் இதே வேலைதான் மேடம், ஆனா அவர அனுப்பாதீங்க, நீங்களே வரணும், சரியா பத்து மணிக்கு வரணும்னாரு."

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"ஒம்பது அம்பத்தஞ்சு. முடிச்சது பத்து அம்பது."

"நடுவுல யார் கூட இருந்தாங்க?"

"யாரும் இல்ல. ஆள் பக்கத்துல இல்லாம நான் வேலை செய்ய மாட்டேன்னு சொன்னேன். மாடியில வேலை இருக்கு, உங்க மேல நம்பிக்கை இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நடந்தது இவ்வளவுதான். அப்பாவின் அறையை அடுத்த சின்ன அறையில் துணி காய வைக்கும் டிரையர் இருந்தது. அண்ணன் ஓட்டிக் காட்டினார், டிரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு டக். அவள் மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரம்முக்குள் தலையை விட்டாள். அவர் பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தார். அப்போது அவள் காதில் மெல்லிசாக டிக் டிக் டிக் என்று விழுந்தது. சூடான தகரம் ஆறும்போது அப்படித்தான் முனகும் என்று விட்டுவிட்டாள். அவர் மாடிக்குப் போன பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிரம்முக்குள் துணியைப் புரட்டிப் போட மூன்று பிளாஸ்டிக் துடுப்புகள் உண்டு, உள்ளே குழிவானவை. டக் சத்தம் மூன்றாவது துடுப்பிலிருந்து வந்தது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்ளே புளியங்கொட்டையைவிடப் பெரிய ஒரு இரும்பு நட்டு. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துடுப்பைத் திரும்ப முடுக்கி, ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று மாடிக்குக் குரல் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வேலை முடிந்தது என்றுதான் அப்போது நினைத்தாள்.

இப்போது சட்டைப் பையில் கையை விட்டபோது அந்த நட்டு விரலில் பட்டது. அவள் அதை விரலுக்குள் உருட்டிப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் கால் மணி நேரம் கேட்டாள். எல்லோரையும் டிரையர் அறைக்குக் கூட்டிவரச் சொன்னாள்.

12.00. சின்ன அறை. இன்ஸ்பெக்டர், அண்ணன், அவர் மனைவி, தம்பி. காதுக்காரி நட்டை டிரையர் மேல் வைத்தாள்.

"இதான் சத்தத்துக்குக் காரணம். மூணாவது துடுப்புக்குள்ள கெடந்துச்சு."

"அது நீ போன தடவை விட்டுட்டுப் போனதா இருக்கும்" என்றார் அண்ணன் சட்டென்று. "அந்தத் துடுப்ப மாத்தினதே நீதானே."

"நான்தான் மாத்தினேன். அப்படின்னா எட்டு மாசமா தட்டியிருக்கணுமே சார். செவ்வாய்க்கிழமைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் துடுப்பைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினாள். உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது, எட்டு மாதத் தூசி. நட்டில் பொட்டுத் தூசி இல்லை. பளபளவென்று இருந்தது. துடுப்பு நாலு பக்கமும் மூடினது, ஸ்க்ரூவைக் கழற்றாமல் உள்ளே ஒரு ஊசியைக்கூடப் போட முடியாது. ஆக, இந்த நட்டு தானாக வரவில்லை. யாரோ மெனக்கெட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் இந்த வீட்டுக்குள்ள வரணும்ல மேடம். கடிகாரம் காணாமப் போற அன்னிக்கு, ஏற்கெனவே திருடின்னு பேர் வாங்கினவ ஒருத்தி இந்த வீட்டுக்குள்ள இருக்கணும்ல."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அப்படியே இருந்தாலும் வீட்டில் இருப்பது இரண்டு பேர், வளையல் கதை தெரிந்தது தனக்கு முன்னால் தன் மனைவிக்குத்தான் என்றார். கட்டின மனைவியைப் பலிகொடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையைக் காதுக்காரி மறக்கவே மாட்டாள்.

"அக்கா" என்று அவரைக் கூப்பிட்டாள். "போன தடவை நான் வேலைய முடிச்சதும் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

அந்த அம்மாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு கண் விரிந்தது.

"நகப்பூச்சு. உன்னோடது காஞ்சு போச்சுன்னு என்னோட செவப்பு பாட்டில வாங்கினே. ஸ்க்ரூ தலையில ஒரு சொட்டு வச்சே. யாராவது திறந்தா தெரிஞ்சிடும், இனிமே என் மேல பழி வராதுன்னு சொன்னே."

"அந்த பாட்டில் எங்க இருக்கு?"

"என் கண்ணாடி மேசையிலதான் இருக்கு. பாதிக்கு மேல இருக்கு."

காதுக்காரி இரண்டு ஸ்க்ரூவையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தலைப் பள்ளத்தின் ஓரங்களில் மட்டும் சிவப்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நடுப் பூச்சு உடைந்து போயிருந்தது. காலையில் கழற்றும்போதே உடைந்துதான் இருந்தது, சூட்டில் உதிர்ந்திருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னாள். ஆனால் சூட்டில் உதிர்ந்தால் ஓரமும் உதிர்ந்திருக்கும். இது ஸ்க்ரூடிரைவர் முனை பட்டு உடைந்தது.

"அக்காவுக்கு இந்த முத்திரை தெரியும். பாட்டிலும் அவங்க மேசையிலயே இருக்கு. அவங்க திறந்திருந்தா, மூடிட்டு இன்னொரு சொட்டு வச்சிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. முத்திரை உடைஞ்சு அப்படியே கெடக்குன்னா, திறந்தவருக்கு அது முத்திரைன்னே தெரியல. மத்த ரெண்டு துடுப்புல ஸ்க்ரூ துருப்பிடிச்சு அசையாது. லேசாக் கழலுதேன்னு மூணாவதுல கை வச்சிருக்காரு."

"தம்பி இன்னிக்குக் காலையிலதான் கப்பலை விட்டே இறங்கினாரு" என்றார் இன்ஸ்பெக்டர், பாதி தனக்குத்தானே.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை. நட்டும் நகப்பூச்சும் போதுமா, கடிகாரம் எங்கே, வீடு முழுக்கத் தேடிக்கொள்ளுங்கள், கிடைத்தால் பேசுங்கள் என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"வீட்டத் தேட வேணாம் மேடம்" என்றாள் காதுக்காரி. "எல்லாரும் ஒரு நிமிஷம் அசையாம இருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அறை அடங்கியது. தெருவில் பால் வண்டிக்காரர் யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். அண்ணனின் நெஞ்சுக்கு அருகில் வந்து நின்றாள்.

டிக் டிக் டிக்.

"காலையில நீங்க டார்ச் அடிச்சப்பவே கேட்டேன் சார். தகரம் ஆறுதுன்னு நினைச்சேன். தகரம் ஒரு தடவை முனகும், அப்புறம் கொஞ்சம் சும்மா இருக்கும். இப்படி அளந்து வச்ச மாதிரி அடிக்காது. நீங்க மாடிக்குப் போனதும் சத்தமும் உங்களோடயே மாடிக்குப் போயிடுச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சாவி கொடுக்கிற கடிகாரம். ஒரு நாள் விட்டா நின்னுடும். தினமும் யாரோ கொடுத்துக்கிட்டே இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். கோட்டின் உள்பையிலிருந்து சங்கிலியோடு கடிகாரம் வெளியே வந்தது. ஒரு நாளும் அதைப் பிரிய மனமில்லாமல் தன் மேலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டைத் தேடுவார்கள், புகார் கொடுத்தவரையா சோதிப்பார்கள் என்ற துணிச்சல்.

அண்ணன் உடைந்து போனார். "பதினோரு வருஷம் அவரத் தூக்கினதும் துடைச்சதும் நான். ஒரு தடவை எட்டிப் பார்க்காதவனுக்குக் கடிகாரத்த எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. என் கையால இவன்கிட்ட நான் குடுக்கணுமா?"

தம்பி கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். "வாயத் திறந்து கேட்டிருந்தா உன்கிட்டயே குடுத்துட்டுப் போயிருப்பேன் அண்ணே" என்றார். "இப்ப குடுக்க மாட்டேன்." பையில் போட்டுக்கொண்டார்.

காதுக்காரிக்கு அந்தப் பதினோரு வருடத்தைக் கேட்டபோது நகக்கண் அளவு இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் துடைத்துப் போட்டாள். அப்பா மேலும் தம்பி மேலும் உள்ள ஆத்திரத்துக்கு இவள் தலையா கிடைத்தது? அவளுடைய பழைய காயத்தைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் கத்தியை வைத்த மனிதர் இவர்.

பொய்ப் புகாருக்கு வழக்குப் போடலாம், என்ன சொல்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார்.

"போடுங்க மேடம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு வேணும். எந்தக் கேட்டுல நின்னு, எவ்வளவு சத்தமாத் திருடின்னு சொன்னாரோ, அதே கேட்டுல நின்னு, அதே சத்தத்துல இல்லன்னு சொல்லணும். கொஞ்சம் கொறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

12.30. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கேட்டில் நின்று கத்தினார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. சத்தம் பத்தலை சார் என்றாள். இரண்டாவது தடவை எதிர்வீட்டு மாடித் தலைகள் திரும்பின. மூன்றாவது தடவை, "அவ திருடல, கடிகாரம் என்கிட்டதான் இருந்துச்சு" என்பது தெருக்கோடி வரைக்கும் போனது. பக்கத்து வீட்டம்மா அவரைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் காதுக்காரிக்கு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

கழற்றின துடுப்பை மாட்ட அவள் திரும்பி வந்தபோது, அண்ணனின் மனைவி டிரையர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உன் கதைய அவர்கிட்ட சொன்னது நான்தான். தப்பு என்னோடது" என்றார்.

காதுக்காரி அதற்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் அது. நட்டை மட்டும் கையில் எடுத்து, இதைத் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டாள். அந்த அம்மா உள்ளே போய்ச் சிவப்பு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"திரும்ப உள்ளயே போடு. முத்திரையும் வை. இனிமே இந்த வீட்டுல துணி காய வைக்கிறது அவர் வேலை."

அவள் நட்டைப் போட்டு, துடுப்பை முடுக்கி, இரண்டு ஸ்க்ரூ தலையிலும் கெட்டியாக ஒவ்வொரு சொட்டு வைத்தாள். காய்ந்ததும் அந்த அம்மாவே பொத்தானை அழுத்தினார்.

டக். டக். டக்.

வேனைக் கிளப்பித் தெரு முனை திரும்பும் வரைக்கும் அது அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இருபது வருடத்தில் ஒரு மெஷினை இரைச்சலோடு விட்டுவிட்டு அவள் கிளம்பியது அதுதான் முதல் தடவை.