இல்லப்பா

வியாழக்கிழமை பத்து மணி அடித்தால் ரஞ்சித் பராமரிப்பு இல்லத்துப் பார்வையாளர் கூடத்தில் தன் வழக்கமான நாற்காலியில் இருப்பார். எழுபத்தொரு வயது முழங்காலுக்கு அது கொஞ்சம் தாழ்வான நாற்காலி. எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால், கட்டிலில் சாய்ந்தபடி அவர் மனைவி பவித்ரா. தசைகளைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்கும் நோய். மூன்றாம் கட்டத்துக்குப் போனவர்களைக் கிருமிக்குப் பயந்து அந்தப் பராமரிப்பு இல்லத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க முடியும். எட்டு மாதத்தில் அவருக்கும் அது பழகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், அவர் சந்தோஷமாகவே வந்துபோனார். வீட்டில் இருந்தவரை பவித்ரா எதற்கும் மசிகிற ஆள் இல்லை. வெயில் ஜாஸ்தி என்றால், "இல்லப்பா, நேத்துதான் ஜாஸ்தி" என்பாள். ஒத்துப்போகும்போதுகூட, "இல்லப்பா, நீ சொல்றதுதான் சரி" என்று ஆரம்பிப்பாள். அந்தச் சொல் இல்லாமல் அவளுக்கு வாயே திறக்காது. இங்கே வந்தபின் மனுஷி பதமாகிவிட்டாள், நோய் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

இன்று பேச்சுவாக்கில், "நம்ம கல்யாணத்துல பாயசம் அடிப்பிடிச்சுப் போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"ஆமா. நல்லாவே அடிப்பிடிச்சுப் போச்சு."

ரஞ்சித்துக்குச் சுருக்கென்றது. அந்தப் பாயசம் காய்ச்சியது அவளுடைய சித்தப்பா. அது அடிப்பிடித்ததா இல்லையா என்று முப்பத்தொன்பது வருஷச் சண்டை. அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

"உங்க சித்தப்பாவுக்குச் சமைக்கவே தெரியாது" என்றார் மெதுவாக.

"ஆமா, தெரியாது."

அவர் எழுந்து நேரே மேற்பார்வையாளர் தேன்மொழியின் அறைக்குப் போனார். "உள்ள இருக்கறது யாரு?"

தேன்மொழி எழுந்து கதவைச் சாத்தினாள். "நிகர்ச்சாயல், சார். அம்மாவோட முகமும் குரலும் குடுத்துக் கணினி உருவாக்கின ஒளிப்பிம்பம். தன்னை யார் எப்படிப் பார்க்கணும்னு நோயாளியே முடிவு பண்ணலாம். தோற்ற உரிமைச் சட்டம். முதல் வாரமே அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்களா கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாங்க."

"அது ஏன் எல்லாத்துக்கும் ஆமாம் போடுது?"

"பார்க்க வர்றவங்க மனசு நோகக் கூடாதுன்னு மறுப்புச் சொல்லையெல்லாம் அதுவே கழிச்சிடும் சார்."

கட்டினவனை ஒரு ஒளிப்பொம்மையிடம் எட்டு மாதம் கொஞ்சவிட்டிருக்கிறாள். கூடவே இருந்து கழுத்தறுத்த மாதிரி இருந்தது. "என்னை நம்ப முடியலையா அவளுக்கு? அழுதுடுவேன்னு பயமா? அவ எங்க இப்போ?"

"பக்கத்து அறைதான். உருவம் ரொம்ப மாறிப்போச்சு, ஆனா நினைவு தெளிவா இருக்கு. வாராவாரம் நீங்க பேசறது முழுக்கத் திரையில பார்த்துக் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

"முழுக்கவா?"

"ஒரு வாரம்கூட விட்டதில்ல."

ரஞ்சித் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு அவர் சொன்னது இப்போது அவர் காதிலேயே விழுந்தது. இப்பத்தான் பவி நீ நல்லா இருக்க. இந்த முப்பத்தொன்பது வருஷமும் இப்படி இருந்திருக்கக் கூடாதா? ஒருதரமா? அதற்குப் பிறகும் எத்தனையோ முறை சொன்னார். அதற்கு அந்தச் சாயல் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றது.

"நான் அவளைப் பார்க்கணும்மா. எப்படி இருந்தாலும் பரவால்ல."

"அவங்க சம்மதிச்சாதான் முடியும் சார். கேட்டுட்டு வரேன்."

போன தேன்மொழி ஐந்து நிமிஷத்தில் திரும்பினாள். கதவருகிலேயே நின்றாள்.

"இல்லப்பான்னு சொன்னாங்க."

ரஞ்சித் சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. "அவ அப்படித்தாம்மா ஆரம்பிப்பா. அதுக்கப்புறம் என்ன சொன்னா?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல சார். நானும் நின்னு பார்த்தேன்."