பக்கத்தில் ஆளை நிறுத்தி எடுத்த படம்

பந்தல்குடி பொன்னுத்தாய் அனுப்பிய படத்தில் செடியும் அவள் புருஷன் தவசியும் ஒரே உயரமாக நின்றார்கள். ஒரு விரல்கூட ஏற்ற இறக்கம் இல்லை. அதுதான் ஃபர்ஹானாவுக்கு முதலில் உறுத்தியது.

அருப்புக்கோட்டையில் வீட்டோடு நர்சரி வைத்திருப்பவள் அவள். அழகுச் செடியோ மரமோ, படத்தை போனில் அனுப்பினால் பேர் சொல்லிவிடுவாள். இலையின் அடிப்பக்கம் ஒரு படம், உயரம் தெரிய பக்கத்தில் ஆளை நிறுத்தி ஒரு படம், அவ்வளவு போதும். தெரிந்தது போல அளந்துவிட்ட வியாபாரிகள் எத்தனையோ பேர் அவளிடம் மூக்குடைபட்டிருக்கிறார்கள். இந்தச் செடிக்கு மட்டும் பேர் பிடிபடவில்லை. பூ இல்லை. இலை கரும்பச்சையாக, தலைக்கு எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. தானாக முளைத்தது என்றாள் பொன்னுத்தாய். ஏன் பிடுங்கவில்லை என்று கேட்கத் தேவையில்லை. இந்தக் கரிசக்காட்டில் கோடையில் பச்சையாக எது நின்றாலும், பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் தூரில்தான் ஊற்றுவார்கள்.

பேர் தெரியாமல் விடுவது ஃபர்ஹானாவின் சுபாவத்தில் இல்லை. மறுநாள் சாயங்காலம் இன்னொரு படம் கேட்டாள். வந்த படத்தில் செடி மட்டும் நின்றது. பொன்னுத்தாயைக் கூப்பிட்டாள்.

"அண்ணனைப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்கக்கா. உயரம் தெரியணும்ல."

"எந்த அண்ணனை?"

"தவசி அண்ணந்தான். உங்க வீட்டுக்காரவுக."

"என்ன தாயி கேலி பண்றே? எனக்கு ஏது வீட்டுக்காரரு? நான் ஒண்டிக்கட்டைல்ல."

பொன்னுத்தாய் சிரித்தாள். பொய் சொல்கிறவள் அப்படிச் சிரிக்கமாட்டாள். ஃபர்ஹானா முதல் படத்தைத் திறந்தாள். தவசி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி அங்கேயேதான் இருந்தார். ஒரு கிளை அவர் தோளில் கிடந்தது. நேற்றுப் பார்த்தபோது அது அங்கே இல்லை.

மகள் ஜைனப் பழைய போனோடு ஓடி வந்தாள். எட்டு வயது.

"அம்மா, பின்னால தொட்டிக்கிட்ட ஒரு செடி. நீ சொல்ற மாதிரியே பக்கத்துல நின்னு படம் எடுத்துட்டேன்!"

படத்தில் இரண்டு தலைகள். ஒரே உயரம்.

ஃபர்ஹானா அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெயில் இறங்கியும் சூடு இறங்காத நேரம், அடுத்த தெருவின் தறிச் சத்தம் கரண்ட் போனதும் சட்டென்று அறுந்து, பூந்தொட்டிகளின் ஈர மண் வாசனையோடு வேறொரு வாசனையும் எழுந்தது, காலையில் அவள் சீவிப் பின்னிவிட்ட ஜைனப்பின் தலைமுடி வாசனை. செடியிலிருந்துதான் வந்தது.

"என் பிள்ளை கேக்குதோ உனக்கு?" என்றாள் ஃபர்ஹானா. "ஜைனப், உள்ள போ. கதவைச் சாத்திக்க."

வெட்டினாள். அரிவாள் வழுக்கியது. மறுபடி வெட்டினாள். தண்டில் கீறல்கூட இல்லை. பிடித்து இழுத்தாள். தரைதான் அதிர்ந்தது. குனிந்தவள் நிமிர்ந்தபோது செடியும் கூடவே நிமிர்ந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான் அது அளந்து எடுத்துக்கொள்கிறது, தவசியை எடுத்ததுபோல. தான் விலகினால் அடுத்து ஜைனப்தான். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"அளந்துக்க. என்னை அளந்துக்க. அவ பக்கம் போனே, தொலைச்சுப்புடுவேன்."

செடிக்கும் கதவுக்கும் நடுவே நின்றாள். அரிவாள் பிடித்த கையைக் குறுக்கே நீட்டினாள். செடி உயர்ந்தது. தோள். காது. உச்சி. நின்றது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாதிதான் அவளுக்குக் கேட்டது.

கதவு திறந்தது. ஜைனப். சுற்றிலும் பார்த்தாள். யாரையும் தேடுகிற பார்வை இல்லை.

"உள்ள போ" என்றாள் ஃபர்ஹானா. இலை உரசுகிற சத்தம்தான் வந்தது.

காலைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை.

ஜைனப் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி துவைக்கிற கல்லுக்குப் போனாள். பள்ளிக்கூடச் சட்டையைத் தானே துவைத்தாள். பிழிந்தாள். உதறினாள். இரண்டு செடிகளில் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததிடம் வந்து, குறுக்கே நீண்டிருந்த கிளையில் சட்டையை விரித்துப் போட்டாள். ஈரம் சொட்டியது. ஃபர்ஹானா அந்தக் கையை இறக்கவில்லை.