அண்ணையோடு இருந்தவன்

படலையைத் திறக்கும்போதே தியாகராசாவுக்கு வீட்டுக்குள் றேடியோ கேட்டது. கேட்கக்கூடாது. கொக்குவிலில் கரண்ட் நின்று ஐந்து வருசம்; பற்றரியும் கிடையாது. முன்சில்லுக் கழற்றிய பழைய சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஆராவது பெடலை மிதித்தால்தான் டைனமோவில் அந்த றேடியோ பேசும். வீட்டில் இருந்தது அண்ணை அருளம்பலம் மட்டும். அவருக்கு இரண்டு காலும் வழங்காது.

நேற்றுப் பின்னேரம், தொண்ணூற்றைந்து ஐப்பசி மழைக்குள், வடக்கேயிருந்து ஆமி வருகிறதென்று ஊரே வெளிக்கிட்டபோது, "வண்டில் பிடிச்சுக்கொண்டு உடனை வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான். வண்டில் தேடவில்லை. மனைவி பூரணத்தோடு சனத்துக்குள் இறங்கி, நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை திரும்பியும் பார்க்கவில்லை. அவள் கேட்டபோது, அண்ணை பக்கத்து வீட்டாரோடு வருகிறார் என்று பொய் சொன்னான். விடியத்தான் அந்தப் பொய் தாங்காமல் தனியே திரும்பி நடந்தான்.

இப்போது ஒழுங்கையெங்கும் ஈரமண் வாசமும், சனம் அவிழ்த்துவிட்டுப் போன ஆடுகளின் அழுகையும், வடக்கே விட்டு விட்டு விழும் ஷெல் சத்தமும் மைம்மல் இருட்டோடு சேர்ந்து அவனை விறாந்தைக்குள் தள்ளின. உள்ளே அண்ணை கதைத்துக்கொண்டிருந்தார்.

"கிரகத்தை ஒருத்தரும் காணேல்லையடா. நட்சத்திரம் தள்ளாடுது. அதை வைச்சுத்தான் பக்கத்திலை ஒண்டு சுத்துதெண்டு பிடிச்சிருக்கினம்."

சூரியனைப்போல வேறொரு நட்சத்திரத்துக்கும் கிரகம் இருக்கிறதாம். கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு இந்த மாதம் முழுக்க அந்தச் செய்திதான் பேச்சு.

ஆரோடு கதைக்கிறார்?

"அண்ணை…"

பெடல் சத்தம் நின்றது. றேடியோவும் நின்றது.

"ஆரது?"

"நான். தியாகு."

அண்ணை சிரித்தார். "உதென்ன பகிடி? தியாகு நேற்றே திரும்பி வந்திட்டான். ராமுழுக்க என்னோடைதான் இருக்கிறான்."

கதவைத் தள்ளினான். சைக்கிள் சீற்றில் ஒருவன் முதுகு காட்டி இருந்தான். இவனுடைய சேட். இவனுடைய நரைத்த பிடரி.

"அண்ணை, உது நானில்லை!"

"நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது தம்பி. என்ரை தியாகு என்னை விட்டிட்டுப் போகமாட்டான்."

 

சைக்கிளிலிருந்து அது இறங்கியது. கட்டிலடியில் குனிந்தது. அண்ணை கைநீட்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். முதுகில் தூக்கியது. பின்கதவால் இறங்கியது. சனம் போன பக்கமில்லை. வடக்கே.

வேலியடியில், உடம்பு முன்னால் நடக்க, தலை மட்டும் முழுதாகப் பின்னால் திரும்பியது.

அவனுடைய முகம்.

"நீ போ," என்றது. "அண்ணையை நான் பாக்கிறன்."

சொன்ன பிறகும் அந்தத் தலை திரும்பவில்லை. பனைகளுக்கிடையில், இருட்டுக்குள், அவனையே பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது.