நிறத்தின் தரம் பத்து

மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. மிஷிகனின் வடக்குக் காட்டுக்குள் பனிவண்டியில் போன டேல், நேற்று மாலையிலிருந்து திரும்பவில்லை. அவனுடைய அக்கா கைசா, மூடிக்கிடந்த பழைய பள்ளிக்கூடத்துக்குள் பனியை உதறிக்கொண்டு நுழைந்தாள். மீட்புக் குழு அங்கேதான் முகாம் போட்டிருந்தது. ஈரக் கம்பளியும் தீய்ந்த காபியும் சேர்ந்து நாறின.

"சாவுக்கே டிமிக்கி கொடுக்கிற பய. வந்துருவான், உட்காரு," என்றார் குழுத் தலைவர் வெர்ன். "காலையிலேர்ந்து ட்ரோன் படம் அனுப்பிக்கிட்டேதான் இருக்கு. பனியும் மரக்கட்டையும்தான் தெரியுது. சிவப்பு கோட்டுதானே போட்டிருந்தான்?"

அவள் திரையைப் பார்த்தாள். சிவப்பு எங்குமே இல்லை.

படங்களைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் அவள் எழுதியது. காட்டில் சிக்னல் மந்தம். படம் சின்னதாக இருந்தால்தான் வந்து சேரும். மனிதக் கண் வெளிச்சத்தைக் கவனிக்கிற அளவுக்கு நிறத்தைக் கவனிக்காது என்று நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அதனால் வெளிச்சத்தின் தரத்தைத் தொண்ணூறில் விட்டு, நிறத்தின் தரத்தைப் பத்துக்கு இறக்கியிருந்தாள். சோதித்த படங்களில் மலையும் வானமும் அழகாகத்தான் இருந்தன. வெள்ளைக்கு நடுவே ஒரு சின்னச் சிவப்பு, நிறம் கரைந்து சாம்பல் கட்டையாகிவிடும் என்று அந்தப் பாவிக்குத் தோன்றவே இல்லை.

"பேட்டரி மாத்த ட்ரோன் இறங்கியிருக்குல்ல? அதோட மெமரி கார்டுல சுருக்காத அசல் படம் இருக்கும். கொண்டாங்க வெர்ன், சீக்கிரம்!"

இனி வரும் படங்களுக்கு நிறத்தைத் தொண்ணூறுக்கு ஏற்றினாள். கார்டிலிருந்து, காலையில் எடுத்த அசல் படம் திறந்தது.

சிவப்பு.

டேல் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

வெர்ன் வாக்கிடாக்கியில் இடத்தைச் சொல்லிக் கத்தினார். ஆட்கள் கிளம்பினார்கள். ட்ரோனும் மறுபடி பறந்தது. "கர்த்தரே, அவனை உயிரோட விட்டுடு," என்று கைசா முனகிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் பதில் வந்தது. "கிடைச்சுட்டான்... உயிர் இல்லை. உடம்பு இன்னும் விறைக்கலை. கொஞ்சம் முந்தி வந்திருந்தா..."

"என் தம்பியை நானே கொன்னுட்டேன்."

"வாயை மூடு," என்று அதட்டிய வெர்ன், சட்டென்று நிறுத்தினார். திரையில் புதுப் படம் வந்திருந்தது. ஆட்கள் உடலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுத் தள்ளி, உறைந்த ஏரிமேல் ஒரு சிவப்பு.

"நம்ம ஆளுங்களா?" என்று கேட்டாள் கைசா.

"நம்மாளுங்க எல்லாருக்கும் மஞ்சள் கோட்டுதானே..."

அடுத்த படம். சிவப்பு ஏரியைத் தாண்டியிருந்தது.

அடுத்தது, திரும்பி வரும் ட்ரோனிலிருந்து.

பள்ளிக்கூட வாசலில் சிவப்பு.

அவளால் தாங்க முடியவில்லை. நிறத்தின் தரத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். அடுத்து வந்த படத்தில் வெர்னின் மஞ்சள் டிரக், துருப்பிடித்த கொடிக்கம்பம் எல்லாம் சாம்பலாயின.

சிவப்பு மட்டும் போகவில்லை.

"பார்த்துட்டேன்டா, டேல்," என்று விம்மினாள். "இப்பப் பார்த்துட்டேன்டா..."

அடுத்த படத்தில் வாசலில் யாருமில்லை. கதவு மட்டும் திறந்திருந்தது.