ஒரு மேனேஜருக்கு எத்தனை யூனிட் கரண்ட்?

ட்ரிங்... ட்ரிங்...

செஞ்சி காவல் நிலையம். உச்சி வெயில். கரண்ட் இல்லை.

இன்ஸ்பெக்டர் மீனம்பாள் ஒரு கையால் பழைய காலண்டர் அட்டையை விசிறிக்கொண்டே, மறு கையால் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, செஞ்சி போலீஸ் ஸ்டேஷன்."

"கரண்ட் கம்பெனி மேனேஜர் நெடுமாறன் எங்க கையில இருக்கான்..."

கரகரப்பான ஆண் குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்!

விசிறிய அட்டை நின்றது.

"யாருய்யா நீ?"

"ஊருக்கு வேண்டியவன். பொழுது சாயறதுக்குள்ள நாங்க கேக்கறது வந்து சேரணும். வரலன்னா... ராஜகிரி கோட்டை அகழியில மேனேஜர் மிதப்பான்!"

"எவ்ளோ வேணும்?"

"பணமா? பணத்த வச்சி மிக்சி ஓட்ட முடியுமா? எங்களுக்குக் கரண்ட் வேணும்மா... கரண்ட்! செஞ்சி முழுக்க, ராவும் பகலும், கட்டே இல்லாம!"

டொக்!

மீனம்பாள் ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருட சர்வீஸில் நகைக்குக் கடத்தியவனைப் பார்த்திருக்கிறாள். நிலத்துக்குக் கடத்தியவனையும் பார்த்திருக்கிறாள். கரண்டுக்கு ஆளைக் கடத்தியவனை இப்போதுதான் கேள்விப்படுகிறாள்!

"இன்னா மேடம்?" என்று வந்தார் ஏட்டு வீரமணி. தொப்பியைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர கடத்திட்டாங்களாம்."

"யாரு மேடம் அந்த நல்லவன்?"

"வீரமணி...!"

"சாரி மேடம். யாரு அந்த அயோக்கியன்?"

வீரமணியைக் குறை சொல்லி என்ன பயன்? மின்சார விநியோகத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை குறையும், வெளிச்சம் கூடும் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். செஞ்சிக்கு வந்தது ஒரே ஒரு கம்பெனி. ஜகஜோதி பவர். அதற்குப் போட்டியாக நின்றது மெழுகுவர்த்தி மட்டும்தான்! பில் மட்டும் தவறாமல் வந்தது. கரண்ட் விருந்தாளி மாதிரி வந்தது... வந்த வேகத்தில் கிளம்பியது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் மறியல். நேற்று கம்பெனி ஆபீஸில் கல்வீச்சு. இன்று கடத்தல்!

ஜீப் பறந்தது.

ஜகஜோதி ஆபீஸில் ஒரு ஜன்னலில்கூடக் கண்ணாடி இல்லை. நெடுமாறன் சாரின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. ஒற்றைச் செருப்பு வாசலில். வெளியே ஒரு பெரும் கூட்டம். யார் முகத்திலும் கவலை இல்லை. திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள்.

"யாராவது பாத்தீங்களா?"

"பாக்கல மேடம். பாத்திருந்தா கடத்துனவனுக்கு மால போட்டிருப்போம்!"

கூட்டம் கைதட்டியது.

"ஒரு உசுருய்யா!" என்று கத்தினாள் மீனம்பாள். "பொழுது சாயறதுக்குள்ள கொன்னுடுவேன்றான்! அந்தாளுக்கும் குடும்பம் இருக்குது. உண்மைய சொல்லுங்க, யாரு கடத்துனது?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கை தூக்கினாள். வசந்தா. மாவு மில் நடத்துகிறவள்.

"நான்தான் மேடம் கடத்துனேன். புடிச்சினு போங்க."

"இல்ல மேடம், நான்!" என்றான் ஜெராக்ஸ் கடைக்காரன்.

"நான்!" என்றார் ஐஸ் வண்டிக்காரர்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து!" என்றது ஒரு வயதான ஜோடி.

கடைசியில் ஊரே குற்றவாளி!

"லாக்கப்புல ஃபேன் ஓடுமா மேடம்?" என்று நம்பிக்கையோடு கேட்டாள் வசந்தா. "ஓடுச்சின்னா இப்பவே வரேன்."

"ஓடாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

விரட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாள் மீனம்பாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் கரண்ட் மீது ஆசை இல்லையா? போலீஸ் குவார்ட்டர்ஸில் நேற்று ராத்திரி ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தவள்தான். இருந்தாலும் ஒரு மனிதன் சாகக்கூடாது. அதில் அவள் உறுதியாக இருந்தாள்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் சென்னைக்குப் போன் போட்டாள். ஜகஜோதியின் தலைமை அலுவலகம்.

"கடத்தலா? எங்க நெடுமாறனையா?" என்றது ஒரு குளிர்ந்த குரல். பின்னால் ஏ.சி. ஓடும் சத்தம் கேட்டது. "கரண்ட்தானே கேக்கறாங்க? மீட்டிங் போட்டுப் பேசிட்டு சொல்றோம்."

"பொழுது சாயறதுக்குள்ள சொல்லுங்க சார்!"

"மீட்டிங்குக்கு முன்னாடி லஞ்ச் இருக்கு மேடம்."

டொக்!

"வீரமணி, கடத்துனவன் நம்பர வச்சி எங்க இருக்கான்னு டவர்ல பாக்கச் சொன்னேனே?"

"பாத்தாச்சி மேடம். எல்லா டவரும் கரண்ட் இல்லாம படுத்துட்ச்சி. ஒண்ணே ஒண்ணுதான் பேட்டரியில ஓடுது. ஊரே அதுல தொங்கினு இருக்குது. 'ஆளு செஞ்சியில இருக்கான்'ன்னு சொல்றாங்க."

"அது எனக்கே தெரியும்!"

மீனம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து, பஜார் பக்கம் கரண்ட் வந்தது.

"ஹேய்ய்ய்ய்...!"

தெருவே கத்தியது. குழந்தைகள், கிழவர்கள், கடைக்காரர்கள், எல்லோரும். கரண்ட் வந்தால் கத்துவது செஞ்சிக்காரர்களின் பிறவிப் பழக்கம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். அடுத்த நொடி கரண்ட் போனது. தெரு மொத்தமும் சேர்ந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னது.

மீனம்பாளின் கண்கள் மின்னின.

"வீரமணி! சப் ஸ்டேஷன்ல யாரு இருக்கறது?"

"ஆபரேட்டர் இளவழகன் மேடம்."

"உன் செல்லுல புடி அவன!"

இளவழகன் லைனில் வந்தான்.

"தம்பி, ஏரியா ஏரியாவா கரண்ட் குடுக்க முடியுமா உன்னால?"

"ஒரு நேரத்துல ஒரு ஏரியாவுக்குத்தான் இருக்குது மேடம். அதுக்கும் சென்னைய கேக்கணும்..."

"கேட்டா குடுப்பானா?"

"மாட்டான்."

"அப்பறம் எதுக்குக் கேக்கற? நான் சொன்னதும் குடு. நான் நிறுத்தச் சொன்னா நிறுத்து. உன்ன யாராவது கேட்டா, போலீஸ் கட்டாயப்படுத்துச்சின்னு சொல்லிடு."

"நிஜமாவா மேடம்?" அவன் குரலில் உற்சாகம் பொங்கியது. "இத்தினி நாளா நிறுத்தறதுக்கு மட்டும்தான் சம்பளம் குடுத்தாங்க!"

இனி கடத்தினவன் கூப்பிட வேண்டும்.

காத்திருந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியது. தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால்? அகழியில் நிஜமாகவே ஒருத்தன் மிதந்தால்?

ட்ரிங்... ட்ரிங்...

பாய்ந்து எடுத்தாள்.

"கரண்ட் இன்னா ஆச்சி?" அதே கரகரப்பு.

"பேசினு இருக்கோம். மேனேஜர் எப்பிடி இருக்காரு?"

வீரமணி செல்லில் இளவழகனிடம் கிசுகிசுத்தார். "பீரங்கிமேட்டுக்குக் குடு!"

தூரத்தில் பீரங்கிமேடு கத்தியது. ரிசீவரில் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

"நல்லா இருக்கான்."

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டான். ரெண்டு சப்பாத்தி. சக்கர இருக்குதே, அதான் சோறு வேணான்னுட்டான். சாயங்காலம் மாத்திர வேற போடணும்."

"அடேங்கப்பா! கடத்துன ஆளப்பத்தி இவ்ளோ தெரியுதே உனக்கு?"

"அ... அவனே சொன்னான்!"

"சக்கராபுரம்!" என்றார் வீரமணி. சக்கராபுரம் கத்தியது. ரிசீவரில் அப்போதும் சத்தம் இல்லை.

"பேச்ச மாத்தாதம்மா. வெளக்கு வைக்கறதுக்குள்ள..."

"சிறுகடம்பூர்!"

"ஹேய்ய்ய்ய்ய்...!"

ரிசீவர் அதிர்ந்தது! அதோடு நிற்கவில்லை. கடகடகடவென்று ஒரு பேரிரைச்சல்! பெல்ட் ஓடுகிற சத்தம்! கரண்ட் போனபோது சுவிட்சை அணைக்க மறந்த ஏதோ ஒரு பெரிய மெஷின், கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கியிருந்தது. யாரோ விழுந்தடித்து ஓடும் சத்தம். இரைச்சல் நின்றது.

"இன்னாய்யா சத்தம் அது?"

"அது... வயித்து சத்தம்."

மீனம்பாள் ரிசீவரைக் கையால் பொத்தினாள்.

"வீரமணி! சிறுகடம்பூர்ல மாவு மில்லு எத்தினி இருக்குது?"

"ஒண்ணுதான் மேடம். வசந்தாக்கா மில்லு."

மீனம்பாள் நெற்றியில் அறைந்துகொண்டாள். உண்மையைச் சொன்ன ஒரே குற்றவாளியை, வீட்டுக்குப் போ என்று விரட்டிவிட்டாள்!

"நீ பேசினே இரு. லைன வுட்டுடாத!"

"இன்னா மேடம் பேசறது?"

"ரேஷன்ல பருப்பு போடறாங்களான்னு கேளு!"

* * *

மில்லின் கதவு மூடியிருந்தது.

மீனம்பாள் துப்பாக்கியை உருவினாள். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஒன்று... இரண்டு... மூன்று!

படார்!

உள்ளே மாவு வாசனை. மூலையில் ஒரு பாய். பாயில் நெடுமாறன். வாயில் துண்டு!

"பாவிங்க, வாய அடைச்சி வச்சிருக்காங்களே!" என்று ஓடிய மீனம்பாள், பாதி வழியில் நின்றாள்.

வாயில் துண்டு இருந்தது சரி. ஆனால் கையில் செல்போன் இருந்தது. கை, கால் எதுவும் கட்டப்படவில்லை. துண்டு வழியாக நெடுமாறன் பேசிக்கொண்டிருந்தார்.

"யோவ் ஏட்டு, பருப்பு போன மாசமே போடலய்யா..."

மீனம்பாளைப் பார்த்தார். துண்டு நழுவியது.

"மேடம்... நானே என்னைக் கடத்திக்கிட்டேன்."

மெஷினுக்குப் பின்னாலிருந்து மாவு படிந்த முகத்தோடு வசந்தா எழுந்தாள்.

"நான்தான் சொன்னேனே மேடம்! நீங்கதான் நம்பல."

"எதுக்கு சொன்ன?"

"ஊரே கை தூக்குச்சி. நான் மட்டும் தூக்கலன்னா சந்தேகம் வராது?"

"அக்கா, நீ தூக்குனதே மொதல்ல!"

துப்பாக்கியை உறையில் போட்டாள் மீனம்பாள். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் சார் இந்த நாடகம்? உங்க உசுர நெனச்சி நான் பதறிப்போனேன்!"

நெடுமாறன் தலை குனிந்தார்.

"கரண்ட் இருக்கு மேடம். இல்லாம இல்ல. எந்த ஊர் அதிக விலை கொடுக்குதோ அங்க வித்துடறாங்க. நான் தினமும் சென்னைக்குக் கெஞ்சறேன். கேக்கல. நேத்து கல்வீச்சுக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. கைக்குழந்தையைக் கொண்டாந்து என் மேஜை மேல படுக்க வெச்சாங்க. உடம்பெல்லாம் வேர்க்குரு. 'நீயே விசிறு'ன்னாங்க."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"விசிறினேன். அது தூங்கற வரைக்கும் விசிறினேன்." "இன்னிக்குக் கூட்டம் துரத்துச்சு. இந்த மில்லுல வந்து ஒளிஞ்சேன்..."

"ஆளு வசமா மாட்டிக்கிச்சின்னு வெளிய பூட்டப் போனேன்," என்றாள் வசந்தா. "இவரே, 'நல்லா பூட்டுங்கம்மா'ன்னாரு!"

"ஊரு கேட்டாத்தான் கொடுக்கல. சொந்த மேனேஜர் உயிருக்காவது கொடுப்பாங்கன்னு நினைச்சேன் மேடம். பதினோரு வருஷம் அந்தக் கம்பெனிக்கு உழைச்சிருக்கேன். கொடுப்பாங்க, பாருங்க!"

மீனம்பாளின் செல் அடித்தது. சென்னை!

ஸ்பீக்கரில் போட்டாள். நெடுமாறன் கும்பிடுவது போல் கைகளைச் சேர்த்துக்கொண்டார்.

"மேடம், மீட்டிங் முடிஞ்சது," என்றது குளிர்ந்த குரல். "மிரட்டலுக்குப் பணியறதில்லைன்னு முடிவு. செஞ்சிக்கு எக்ஸ்ட்ரா கரண்ட் கிடையாது."

"சார்! அவரக் கொன்னுடுவாங்க சார்!"

"வருத்தமாத்தான் இருக்கு. மலர் வளையத்துக்குச் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில புது மேனேஜர் சார்ஜ் எடுக்கறார்."

நெடுமாறனின் கைகள் கீழே விழுந்தன. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கரண்ட் கம்பெனிக்காரன் என்று காலையில் அவரைத் துரத்தியவர்களில் ஒருத்தியான வசந்தா, இப்போது காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து அவருக்கு விசிறத் தொடங்கினாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

மீனம்பாளுக்கு நெஞ்சு எரிந்தது. போனை அணைக்கப் போனவள், ஏதோ தோன்ற, கேட்டாள்.

"புது மேனேஜர் யாருங்க சார்? பாதுகாப்பு குடுக்கணுமில்ல..."

"ஆமாமா, ரொம்ப முக்கியம்! எங்க சேர்மனோட மாப்பிள்ளை. ஒரே பொண்ணு, ஒரே மாப்பிள்ளை. சேர்மனுக்கு உயிரு! நாலு ஊர் சுத்தினாத்தான் அனுபவம் வரும்னு அனுப்பறார். அவர் மேல ஒரு தூசு விழக்கூடாது, தெரியுதா?"

"நல்லா தெரியுது சார்!"

டொக்!

மீனம்பாள் நெடுமாறனைப் பார்த்தாள். நெடுமாறன் வசந்தாவைப் பார்த்தார். வசந்தா, பாயைப் பார்த்தாள். கான்ஸ்டபிள்கள் இருவரும் வெளியே போய் ஜீப்பின் டயரை ரொம்ப அக்கறையாகப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள்.

"அக்கா," என்றாள் மீனம்பாள், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "அந்தப் பாயைச் சுருட்டாத. நல்ல தலைகாணியா ஒண்ணு வாங்கிப் போடு."

"அய்யய்யோ மேடம்! அவரு ஏ.சி.யிலயே பொறந்து வளந்த புள்ளயா இருக்கும். இங்க கரண்டே இல்லியே!"

மீனம்பாள் சிரித்தாள்.

"மாப்பிள்ளைக்கு வேண்டியத மாமனார் அனுப்பாமலா இருப்பாரு?"