ஒன்றைப் பிடுங்கினாலும் ஓடும்

கேபிள் அவன் கையில் இருந்தது. பிடுங்கியாகிவிட்டது. ஆனால் நெட்வொர்க் சுவிட்சில் அதற்குரிய பச்சை விளக்கு அணையவில்லை, நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நெட்வொர்க்காரர், அவ்வளவுதான். நெட் ஓடினால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றால் மட்டும் தேடுவார்கள். விடுமுறை நாளும் அதுவுமாக, "சின்ன வேலைதானே" என்று மேனேஜர் வாய் கூசாமல் வரச் சொல்லியிருந்தார். இன்று மகளுக்குப் பிறந்தநாள். "இன்னைக்கும் வரலைன்னா இனிமே வரவே வேணாம்" என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஜன்னலில்லாத சர்வர் அறை. ஏசியின் ஓயாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், ரேக்குகளின் இடுக்கில் தேங்கிக் கிடந்த இருட்டுமாக, அதற்குள் மத்தியானத்திலிருந்து குனிந்தே நின்றதில் முதுகு விட்டுப்போயிருந்தது. இரண்டு கேபிள்களைச் சேர்த்து ஒரே பாதையாக்கியிருந்தான். ஒன்று அறுந்தாலும் மற்றது அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். பயன்படுத்துகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதைச் சோதிக்கத்தான் ஒன்றைப் பிடுங்கினான்.

விளக்குதான் பழுது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போனான். சுவிட்சை வி-லேன்களாகப் பிரிப்பது, அதாவது ஒரே பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத சுவர்களை எழுப்புவது. கணக்குப் பிரிவுக்கு ஒன்று, கதவுப் பூட்டுக்கும் கேமராவுக்கும் ஒன்று. எதற்கும் உதவாத போர்ட்களை, அதாவது கேபிள் செருகும் துளைகளை, யாரோடும் பேச முடியாத ஒரு வி-லேனில் தள்ளிவிடுவது வழக்கம். வீட்டு நினைப்பில் அவசரப்பட்டான். தன் மடிக்கணினி செருகியிருந்த போர்ட்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டான். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற மடத்தனம். சுவிட்சோடு இருந்த தொடர்பு அறுந்து, திரை உறைந்தது.

"புத்தி எங்கடா போச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டு, வேறு கேபிள் எடுத்துவர வெளியே கிளம்பினான். கதவுப் பூட்டில் அடையாள அட்டையைக் காட்டினான். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டுக் காட்டினான். சிவப்பு.

சுவரிலிருந்த கேமரா திரையில் இதே அறை தெரிந்தது. ரேக்குகள், நாற்காலி, மடிக்கணினி. கதவருகே யாருமில்லை.

கையை ஆட்டினான். திரையில் எதுவும் அசையவில்லை.

கைபேசியில் சிக்னல் இல்லை. சுவர் போனில் வீட்டுக்கு அடித்தான். மனைவி எடுத்தாள். பின்னால் குழந்தைகளின் கூச்சல்.

"நான்தான். உள்ள மாட்டிக்கிட்டேன். யாரையாவது அனுப்பு."

"ஹலோ? யாருங்க? ஒண்ணுமே கேக்கலையே."

"நான்தாண்டி!" தொண்டை கிழியக் கத்தினான்.

அவள் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. "ஏங்க, உங்க ஆபீஸ் நம்பர்தான். பேசவே மாட்டேங்கிறாங்க. நீங்க போகக் கூடாது, சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் மனுஷனா நேரத்தோட வீடு வந்து சேந்திருக்கீங்க."

அந்தக் குரலில் கொஞ்சல் இருந்தது. அவனிடம் அவள் அப்படிப் பேசி வருடக்கணக்காகிறது. பயத்தைவிட அதுதான் அவனை அறுத்தது.

அங்கே போன் கைமாறியது. ஒரு மூச்சு. பிறகு அவனுடைய குரல். பதற்றமே இல்லாமல்.

"இங்க ஒரு குறையும் இல்ல. நான் பாத்துக்கறேன்."

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காதில் கைதட்டல். பாட்டு.

"அப்பா, வாப்பா, கேக் வெட்டலாம்!" மகள்தான்.

"தோ வந்துட்டேன்டா செல்லம்," என்றது அது.