வெள்ளி பூசிய கிளை

இனேஸ் கண்ணை மூடினால் போதும், மகள் பிலார் ஐந்து வயதுக்காரியாக எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவாள். சாளை மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் விசிறிபோல அடுக்குவாள். "அம்மா, இது உங்க நரம்புப் படம்" என்பாள். முன்பல் ஒன்று ஆடும். ஜன்னல் வெயிலில் காதுமடல் சிவந்திருக்கும். அந்த வெயில் இன்றுவரை மங்கவில்லை.

ஊர் உலகமெல்லாம் இப்படி மங்காத நினைவோடுதான் இருந்தது. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளிப்பதிவு நிலையம். மணமக்கள் மாலையைக்கூடக் கழற்றாமல் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒரு நினைவைத் தாங்கும் நரம்பணுக்களின் கிளைகளில் வெள்ளித் துகளைப் படியவைத்துவிட்டால், அந்த நினைவு அப்புறம் அழியாது, திரியாது. ஸ்பெயினில் பிறந்து, தூத்துக்குடி ஜெரால்டு கொரைராவைக் கட்டிக்கொண்டு, இந்தக் கடற்கரையிலேயே ஆய்வகம் போட்ட உடற்கூறியலாளர் இனேஸ்தான் அதைக் கண்டுபிடித்தவர். முதலில் பூசிக்கொண்டவரும் அவரே. பூசியது மகளின் முகத்தை.

காலையில் நரம்புக் கிளைகளை நுண்ணோக்கியில் பார்ப்பதும், பிற்பகலில் அதை மூடிவைத்துவிட்டு மனத்திலிருந்து வரைவதும் அவருடைய வழக்கம். வேண்டாததை மறதியே கழித்துவிடும் என்பார். உயிருள்ள கிளையின் நுனியில் ஓர் அரும்பு இருக்கும். அது பக்கத்துக் கிளையைத் தேடித் துழாவிக்கொண்டே இருக்கும். வெள்ளி பூசிய கிளையில் அந்த அரும்பு இல்லை. முதல் படத்திலேயே அரும்பில்லாத நுனிகளை அவர் வரைந்துவிட்டார். நுனிகள் எவ்வளவு சுத்தம் என்று மகிழ்ந்து, கீழே 'குறையற்ற பதிவு' என்றும் எழுதினார். தேடாத கிளை புதிதாக எதையும், வளர்ந்த மகளின் முகத்தைக்கூட, பிடிக்காது என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது காலம் கடந்திருந்தது.

கதவு திறந்தது. தினமும் மதியச் சாப்பாடு கொண்டுவரும் பெண். நாற்பதைத் தாண்டியவள், வலது புருவத்தில் சிறு தழும்பு. அவள்தான் பிலார் என்று எல்லோரும் சொன்னார்கள். இனேஸும் அதை நம்பினார், தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்தின் எடையை நம்புவதுபோல.

"இன்னைக்கும் சாளைதாம்மா. முள்ளு சாஸ்தி, பாத்துச் சாப்பிடுங்க."

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்." இனேஸ் ஒரு சிறு குப்பியை மேசைமேல் வைத்தார். "வெள்ளியைக் கரைக்கிற மருந்து. ஒரு வழியா வந்திட்டு."

அந்தப் பெண்ணின் கை தூக்குவாளி மூடியிலேயே நின்றது. "கரைச்சா?"

"கிளையும் சேந்து போயிரும். சின்னவ, அந்த அஞ்சு வயசுக்காரி, போயிருவா. அந்த இடத்துல புதுசு முளைக்கலாம். உன்னை உன்னையாவே பாக்கலாம். நீ சரின்னு சொன்னா இன்னைக்கே போட்டுக்கிடுதேன்."

அவள் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். பிறகு சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு.

"எனக்காகன்னா வேண்டாம். மாட்ரிட்டுக்குப் படிக்கப் போன அன்னைக்கு, ஏர்போர்ட்டுக்குப் போற வழியில நானும் எங்கம்மாவைப் பூசிக்கிட்டேன். பச்சைச் சேலை, கறுத்த முடி. திரும்பி வந்தா இங்க வெள்ளை முடியோட நீங்க உக்காந்திருக்கீங்க. நீங்கதான் அவங்கன்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான், தெரியும்."

"அப்போ இத்தனை வருசமா நீ சோறு கொண்டு வாரது?"

"எங்கம்மா இருந்தா கொண்டு போயிருப்பேன்லா?"

இனேஸ் குப்பியை எடுத்தார். கரைத்தால் சின்னவள் இல்லை. கரைக்காவிட்டால் இவள் இல்லை. குப்பியை மறுபடி கீழே வைத்தார். இருவரும் அதைப் பார்த்தார்கள், தொடவில்லை.

"சாப்பிடுங்க, ஆறுது" என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "உங்க பொண்ணு எப்படி இருப்பா? சொல்லுங்களேன்" என்று கேட்டாள்.

இனேஸ் சொன்னார். ஆடும் பல், சிவந்த காதுமடல், விசிறிபோல் அடுக்கிய முள். சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. எதிரிலிருந்தவள் தலையாட்டிக் கேட்டபடியே மீனைப் பிய்த்தாள். அவள் விரல்கள் தாமாகவே முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தன. விசிறிபோல.

இனேஸ் அதைக் கண்டார். அதே சாய்வு, அதே இடைவெளி. வரைந்து பழகிய கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. இரண்டும் ஒன்றே என்று கண் சொன்னது. உள்ளே எங்கோ ஒரு கிளை, சுத்தமான நுனியோடு, அசையாமல் நின்றது.

"நீயும் அழகா அடுக்குதியே" என்றார் இனேஸ், விருந்தாளியிடம் சொல்வதுபோல.